சிரிப்பைத் தன் கையில் வைத்திருந்தவர்: என்.எஸ்.கிருஷ்ணனின் திரைப்பயணம்

'கரகாட்டக்காரன்' படத்தின் கதையே தெரியாதவர்களும் வாழைப்பழக் காமெடியை ரசிப்பார்கள். அந்தக் காட்சியைப் படத்திலிருந்து கழற்றித் தனியாகப் போட்டாலும் ஒன்றும் குறையாது. வடிவேலுவின் பல காட்சிகளும் அப்படித்தான். கதாநாயகன் ஒரு பக்கம் காதலிப்பான், சண்டை போடுவான். காமெடியன் இன்னொரு பக்கம் தன் கூட்டத்தோடு தனியாக ஒரு கதை ஓட்டுவார். இதைத்தான் 'காமெடி ட்ராக்' என்கிறோம். இன்று பல டி.வி. சேனல்கள் நாள் முழுக்க ஓடுவதே இந்தத் துண்டுகளை நம்பித்தான்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டு பின்னால் போனால் 1930களின் பிற்பகுதிக்குப் போய்ச் சேருவோம். அங்கே நிற்பவர் நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன். ஊருக்கெல்லாம் என்.எஸ்.கே., பிற்காலத்தில் கலைவாணர்.

அவரைப் பற்றிப் பேச்சு வந்தாலே 'சிரிக்க வைத்தார், சிந்திக்க வைத்தார்' என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சொல்வது உண்மைதான். ஆனால் அவரால் மட்டும் அது எப்படி முடிந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. அதே காலத்தில் நல்ல நகைச்சுவை நடிகர்கள் வேறு பலரும் இருந்தார்கள். என்.எஸ்.கே. தன் காட்சிகளைத் தானே யோசித்தார், தானே ஆள் சேர்த்தார், ஒத்திகை பார்த்தார், முழுமையாக உருவாக்கிப் படத்துக்குக் கொடுத்தார். படம் யாருடையதாக இருந்தாலும் அதில் வரும் சிரிப்பு அவருடையதாக இருந்தது. பிற்பாடு அவர் படத் தயாரிப்பாளராகவும் இயக்குநராகவும் ஆனது இதன் அடுத்த படிதான். அவருடைய திரை வாழ்க்கையை இந்தக் கோணத்தில் பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

நாடகக் கொட்டகையில் கற்றது

1908 நவம்பர் 29-ல் நாகர்கோவிலை ஒட்டிய ஒழுகினசேரியில் பிறந்தார். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். ஏழைக் குடும்பம், படிப்பு தொடரவில்லை. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டும் வேலை பார்த்தார்; நாடகக் கொட்டகையில் சோடா, தின்பண்டம் விற்றார். அந்தப் பக்கத்து அம்மன் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு இல்லாமல் இருக்காது. ஒருவர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டுக் கேள்வி கேட்டு இழுக்க, கதை வளரும். என்.எஸ்.கே.யின் திரைப் பேச்சைக் கவனித்தால் இந்த வில்லுப்பாட்டு நடை உள்ளே ஓடுவது தெரியும். தனியாக நின்று வசனம் பேசுவது அவருக்கு அவ்வளவாக ஒட்டாது. பக்கத்தில் ஒருவர் மறுக்க வேண்டும், இல்லையென்றால் சந்தேகம் கேட்க வேண்டும். அப்போதுதான் அவர் சூடு பிடிப்பார்.

அப்புறம் டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் சேர்ந்தார். சிறுவர்களைச் சேர்த்துப் பழக்கி நாடகம் போடும் அந்தக் காலப் பாய்ஸ் கம்பெனிகளில் ஒரு நடிகன் பாட வேண்டும், ஆட வேண்டும், ஆள் குறைந்தால் எந்த வேடத்தையும் கட்ட வேண்டும். நாடகத்தில் பபூன் என்று ஒருவர் இருப்பார். கூத்தில் கட்டியங்காரன் செய்த வேலையை அவர் செய்வார். ராஜா கதை நடந்துகொண்டிருக்கும்போதே இடையில் புகுந்து, ஊர் நடப்பைப் பேசி, கொட்டகையைச் சிரிக்க வைத்துவிட்டுப் போவார். கதைக்கும் அவருக்கும் பெரிய சம்பந்தம் இருக்காது. விடிய விடிய நடக்கும் நாடகத்தில் ஜனங்களைத் தூங்கவிடாமல் உட்கார வைப்பது அவர் பொறுப்பு. பிற்காலக் காமெடி ட்ராக்கின் விதை இங்கேதான் இருக்கிறது.

சினிமா பேச ஆரம்பித்ததும் நாடகக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அங்கே போனார்கள். டி.கே.எஸ். குழுவின் 'மேனகா' 1935-ல் படமானபோது என்.எஸ்.கே.யும் அதில் நடித்தார். அடுத்த ஆண்டு வந்த 'சதி லீலாவதி' இன்னும் முக்கியமானது. எம்.ஜி.ஆருக்கும் டி.எஸ்.பாலையாவுக்கும் அதுதான் முதல் படம். இயக்கியவர் எல்லிஸ் ஆர்.டங்கன் என்ற அமெரிக்கர். அவருக்குத் தமிழ் தெரியாது. கேமரா, படத்தொகுப்பு, காட்சி அமைப்பு என்று நிறையக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் தமிழில் வாய்ப்பேச்சை வைத்துச் செய்யும் நகைச்சுவையைத் தமிழ் தெரியாத இயக்குநர் எப்படித் திருத்த முடியும்? அந்த இடம் நடிகர்கள் கைக்குத் தானாகவே வந்தது. என்.எஸ்.கே. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். தன் காட்சிகளைத் தானே அமைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு முதல் படங்களிலிருந்தே இருந்தது. டங்கனின் 'அம்பிகாபதி' (1937), 'சகுந்தலை' (1940) இரண்டிலும் அது தொடர்ந்தது.

படத்துக்குள் இன்னொரு படம்

'சகுந்தலை'யில் எம்.எஸ்.சுப்புலட்சுமி நாயகி. பாட்டும் பக்தியும் காதலுமாக நகரும் படம். காளிதாசன் கதையில் மீனவன் ஒருவன் சிறிது நேரம் வருவான். மீன் வயிற்றில் கிடைத்த ராஜாவின் மோதிரத்தை விற்கப் போய் மாட்டிக்கொள்வான். அந்தச் சின்ன இடத்தை என்.எஸ்.கே.யும் டி.எஸ்.துரைராஜும் பிடித்துக்கொண்டு, இரண்டு மீனவர்கள் சண்டை போடும் பெரிய காட்சியாக விரித்தார்கள். பேச்சுக்குப் பேச்சு, வசவுக்கு வசவு. தேவலோகமும் ஆசிரமமுமாக இருக்கும் படத்தில் திடீரென்று மீன் வாடையோடு இரண்டு உழைப்பாளிகள் வந்து, நம் தெருவில் கேட்கிற மாதிரி கத்துகிறார்கள். அந்தக் காட்சிக்காகவே படத்துக்குத் திரும்பப் போனவர்கள் உண்டு.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டியது. 1930களின் புராண, சரித்திரப் படங்களில் சாதாரண ஜனங்களுக்கு இடமே இல்லை. ராஜா, ராணி, முனிவர், தேவர், அவ்வளவுதான். மீனவன், குடியானவன், வேலைக்காரி, கூலிக்காரன் எல்லாரும் திரைக்குள் வந்த வாசல் பெரும்பாலும் காமெடிக் காட்சிதான். அந்த வாசலைத் திறந்து வைத்திருந்தவர் என்.எஸ்.கே. அவருடைய அரசியலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பிற்காலத் திராவிட இயக்கப் படங்களிலிருந்து தொடங்குகிறார்கள். எனக்கு அது இந்த மீன்காரர்களிடமே தொடங்கிவிடுவதாகத் தோன்றுகிறது.

அப்போது படங்கள் ரொம்ப நீளம். 35 எம்.எம். பேசும்பட ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். 18,000 அடிப் படம் என்றால் மூன்று மணி நேரம் இருபது நிமிடம். பாட்டுகள் மட்டும் அந்த நேரத்தைத் தாங்காது. இடையில் ஜனங்கள் ஆசுவாசப்படுத்திக்கொள்ள ஏதாவது வேண்டும். தயாரிப்பாளர்களுக்கு நகைச்சுவை தேவைப்பட்டது. ஆனால் அதை எழுதத் தெரிந்த ஆட்கள் அவர்களிடம் இல்லை. என்.எஸ்.கே.யிடம் ஒரு குழுவே இருந்தது. டி.எஸ்.துரைராஜ், புளிமூட்டை ராமசாமி, காகா ராதாகிருஷ்ணன் போன்றவர்கள் அவரோடு நடித்தார்கள். பாட்டுக்கு உடுமலை நாராயண கவி. இந்தக் குழு கதையின் ஓரத்தில் ஒட்டும்படி ஒரு சின்னக் கதையைப் பின்னி, ஒத்திகை பார்த்து, படமாக்கிக் கொடுத்துவிடும். முக்கிய இயக்குநர் அந்தப் பக்கம் தலையிடத் தேவையில்லை.

சில சமயம் காமெடியே தனிப் படமாகவும் வந்தது. 1941-ல் வந்த 'சந்திரஹரி' அப்படிப்பட்டது. மூலம் பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். உண்மையைத் தவிர வேறெதுவும் பேசாத அரிச்சந்திரனை அப்படியே தலைகீழாக்கி, பொய்யைத் தவிர வேறெதுவும் பேசாத ஒருவனின் கதை. அரிச்சந்திரன் மயானத்துக்குப் போனது ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்த கதை என்பதால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஜனங்கள் தாங்களே ஒப்பிட்டுச் சிரித்தார்கள். அதே ஆண்டு 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தில் அவரே அலிபாபா. ஆக, ஐந்தாறு வருஷத்திலேயே நகைச்சுவை நடிகர் கதையின் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டார்.

மதுரம் இல்லாமல் இந்தக் கதை இல்லை

டி.ஏ.மதுரம் திருச்சிக்காரர். நன்றாகப் பாடுவார். 1936-ல் 'வசந்தசேனா' படத்துக்காகக் குழு புனேவுக்குப் போனபோது இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டு, சீக்கிரமே கல்யாணத்தில் முடிந்தது. அதற்கப்புறம் சேர்ந்தே நடித்தார்கள். 'என்.எஸ்.கே. - மதுரம்' என்று ஒரே மூச்சில் சொல்வது ஊர் வழக்கமாகிப் போனது.

அவரை 'கலைவாணரின் துணைவி' என்று அடிக்குறிப்பு போல எழுதுவது எனக்கு ஏற்பில்லை. காட்சிகளைப் பாருங்கள். பெரிய பெரிய திட்டமெல்லாம் பேசுவது என்.எஸ்.கே.; அதைத் தட்டி, உரசி, நடைமுறைக்கு இழுத்து வருவது மதுரம். 'விஞ்ஞானத்தை வளர்க்கப் போறேண்டி' பாட்டு இதற்கு அருமையான சாட்சி. கணவன் விஞ்ஞானத்தால் உலகத்தையே மாற்றப் போவதாகக் கிளம்புகிறான். மனைவி தன் பங்குக்குக் கேட்பது வீட்டு வேலையைக் குறைக்கும் கருவிகள்: பட்டனைத் தட்டினால் தட்டில் இட்லியும் கூடவே காபியும் வந்துவிட வேண்டும். கேட்கும்போது சிரிப்பு வரும். ஆனால் விஞ்ஞானம் யாருக்கு முதலில் வேண்டும் என்ற கேள்விக்கு அவள் சொல்வதுதான் சரியான பதில். மாவாட்டி, அடுப்பு ஊதி, மூன்று வேளையும் சமைக்கிறவள் வாயிலிருந்து அது வருகிறது.

நடிப்பிலும் இருவரும் சமம். என்.எஸ்.கே. கையை ஆட்டி, புருவத்தைத் தூக்கி, குரலை மாற்றி நிறைய வேலை செய்வார். மதுரம் அசையாமல் நின்று ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வையில்தான் காட்சி முடியும். இந்த ஜோடிக்குப் பிறகு தமிழ் சினிமாவில் ஆண் - பெண் நகைச்சுவை ஜோடிகள் பலர் வந்தார்கள். ஆனால் பெண்ணுக்கு வாதத்தில் ஜெயிக்கிற இடத்தை இவ்வளவு தாராளமாகக் கொடுத்தவர்கள் குறைவு.

முப்பது மாதம்

1944 தீபாவளிக்கு 'ஹரிதாஸ்' வந்தது. எம்.கே.தியாகராஜ பாகவதர் நாயகன், என்.எஸ்.கே.யும் மதுரமும் அதில் இருந்தார்கள். சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்ட படம். ஆனால் அடுத்த தீபாவளியின்போது பாகவதரும் என்.எஸ்.கே.யும் ஜெயிலில் இருந்தார்கள்.

வழக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான். நடிகர் நடிகைகளைப் பற்றி அவதூறு எழுதிவந்த 'இந்துநேசன்' பத்திரிகையின் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். சதி செய்ததாகக் கைதானவர்களில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் இருந்தார்கள். உயர் நீதிமன்றத்தில் ஜூரி விசாரணை நடந்தது, ஆயுள் தண்டனை. அப்பீலும் தோற்றது. அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கைத் திரும்ப விசாரிக்கும்படி உத்தரவு வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலையானார்கள். கிட்டத்தட்ட முப்பது மாதம் உள்ளே.

வெளியே வந்த பிறகு இருவர் பாதையும் பிரிந்தது. பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்கவே முடியவில்லை. 1959-ல் அவர் இறக்கும்வரை ஒரு படமும் பழைய மாதிரி ஓடவில்லை. என்.எஸ்.கே.யோ வந்த வேகத்தில் மறுபடி உச்சிக்குப் போனார். விதி என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வேறு காரணம் தெரிகிறது.

பாகவதரின் செல்வாக்கு முழுக்க அவர் குரலில், அவர் உருவத்தில் இருந்தது. அவர் இல்லாத நாளில் அதை எடுத்து நடத்த யாராலும் முடியாது. அந்த மூன்று வருஷத்தில் ரசனையும் மாறிவிட்டது; பாட்டு குறைந்து வசனம் ஓங்க ஆரம்பித்தது. என்.எஸ்.கே.யின் பலம் ஒரு குழுவில் இருந்தது. அவர் ஜெயிலில் இருந்தபோது மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் என்.எஸ்.கே. நாடக சபாவை நடத்தினார்கள். கூட இருந்தவர்களுக்குச் சம்பளம் கிடைத்துக்கொண்டிருந்தது. வழக்குச் செலவும் நடந்தது. சகஸ்ரநாமம் எழுதிய 'பைத்தியக்காரன்' நாடகம் நன்றாகப் போனது. அதைப் படமாக்கும் வேலையையும் துணிந்து தொடங்கினார்கள். படம் நடந்துகொண்டிருக்கும்போதே என்.எஸ்.கே. விடுதலையாகி வந்தார், அவருக்கென்று காட்சிகள் சேர்க்கப்பட்டன. இயக்கியவர்கள் கிருஷ்ணன் - பஞ்சு. கைதானபோது இருந்த இடத்தில் அவருடைய தொழில் நின்றுபோகாமல் ஓடிக்கொண்டிருந்தது. வந்ததும் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

அதே சமயம் நடிகர் கே.ஆர்.ராமசாமி, என்.எஸ்.கே. பெயரிலேயே 'கிருஷ்ணன் நாடக சபா' என்று இன்னொரு குழுவை நடத்திவந்தார். அண்ணாவின் 'வேலைக்காரி', 'ஓர் இரவு' நாடகங்கள் அரங்கேறியது அங்கேதான். ஜெயிலில் இருக்கும் ஒரு காமெடி நடிகரின் பெயர் தாங்கிய மேடையில் திராவிட இயக்க நாடகம் வளர்ந்தது. வெளியே வந்த என்.எஸ்.கே.யும் அண்ணாவும் நெருங்கியதற்கு இது ஒரு பாலமாக இருந்திருக்க வேண்டும்.

ஜெமினி ஸ்டுடியோ அதிபர் எஸ்.எஸ்.வாசனும் காத்திருக்கவில்லை. வருஷக்கணக்காக எடுத்துக்கொண்டிருந்த 'சந்திரலேகா'வில் என்.எஸ்.கே.யையும் மதுரத்தையும் சேர்த்து, அவர்களுக்காகப் புதிய காட்சிகள் எடுத்தார். 1948-ல் வந்தது படம். அத்தனை செலவில் எடுத்த பிரம்மாண்டமான படத்துக்கே இந்த ஜோடி தேவைப்பட்டது.

தயாரிப்பாளர் என்.எஸ்.கே.

1949-ல் 'நல்லதம்பி' வந்தது. சொந்தத் தயாரிப்பு, கதாநாயகனும் அவரே. அமெரிக்க இயக்குநர் ஃபிராங்க் காப்ரா எடுத்த ஒரு படத்தின் கருவை வைத்து அண்ணா எழுதிய திரைக்கதை. கிராமத்து அப்பாவி ஒருவனுக்குத் திடீரென்று ஜமீன் சொத்து வந்து சேருகிறது. அதை ஜனங்களுக்காகச் செலவு செய்யக் கிளம்புகிறான். பானுமதி ஜமீன் வீட்டுப் பெண். அப்போது மதுவிலக்கு பெரிய பேச்சாக இருந்த காலம். படமும் அதைத் தூக்கிப் பிடித்தது. பிப்ரவரியில் படம் வந்தது, செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. அண்ணா சினிமாவுக்காகவே எழுதிய முதல் திரைக்கதை ஒரு நகைச்சுவை நடிகரின் தயாரிப்பில் வந்தது என்பதைத் திராவிட சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் இன்னும் அழுத்திச் சொல்லலாம்.

அந்தப் படத்தில் வரும் 'கிந்தனார்' காலட்சேபத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரம் அந்தக் கால மேடைகளில் புகழ்பெற்றது. சினிமாவிலும் கே.பி.சுந்தராம்பாள் நந்தனாராக நடித்திருந்தார். பிறகு தண்டபாணி தேசிகர் நடித்தார். பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போய் நடராஜரைத் தரிசிக்க ஏங்குகிறான், ஆண்டை தடுக்கிறார். என்.எஸ்.கே. அந்தக் கட்டுமானத்தை அப்படியே வைத்துக்கொண்டார். காலட்சேபம் செய்கிறவர் மாதிரி கையில் சிப்ளாக்கட்டை, பின்பாட்டு, நடுவில் உபகதை, எல்லாம் அச்சு அசலாக இருக்கும். ஆனால் இவருடைய கிந்தன் ஏங்குவது சிதம்பரத்துக்கு அல்ல, படிப்புக்கு. வாத்தியார் அடித்து விரட்டுகிறார். கிந்தன் பட்டணம் போய்ப் படித்து, பெரியவனாகி வருகிறான்.

இடையில் ஒரு ரயில் வருகிறது. நந்தனார் கதையில் வழிமறித்த நந்தி விலகி சுவாமி தெரிந்த இடம் பக்தர்களை உருக்கும். இங்கே கிந்தன் உருகுவது கரும்புகை விட்டுக்கொண்டு வரும் ரயிலைப் பார்த்து. மேல்சாதி, கீழ்சாதி என்று பார்க்காமல் காசு கொடுத்த எல்லாரையும் ஒரே வண்டியில் ஏற்றிப் பேதத்தை ஒழித்த ரயிலே என்று துதிக்கிறான். எழுதியவர் உடுமலை நாராயண கவி. சாமியைத் திட்டவில்லை, நந்தனாரைக் கிண்டல் செய்யவில்லை. பக்தி சங்கீதத்தின் உருக்கத்தை எடுத்து, கல்விக்கும் சமத்துவத்துக்கும் சூட்டிவிட்டார்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் இதை ரசித்தது அதனால்தான். எதிரில் இருப்பவரைக் கோபப்பட வைக்காமல் அவர் நம்பிக்கை பக்கத்திலேயே உட்கார்ந்து பேசும் வித்தை அது. இரவல் வசனத்தில் இதைச் செய்ய முடியாது. பாட்டு, நடிப்பு, தயாரிப்பு மூன்றும் ஒரே இடத்தில் இருந்ததால் வந்தது.

1951-ல் 'மணமகள்'. மலையாள நாடகம் ஒன்றைத் தழுவிய கதை, மு.கருணாநிதி வசனம். தயாரிப்போடு இயக்கத்தையும் என்.எஸ்.கே.யே எடுத்துக்கொண்டார். லலிதா - பத்மினி சகோதரிகள் நடித்தார்கள். நடனக் காட்சிகளில் வந்துபோய்க்கொண்டிருந்த பத்மினிக்குத் தமிழில் கதாநாயகி என்ற இடம் கிடைத்தது இங்கேதான். எம்.எல்.வசந்தகுமாரி பாடிய 'சின்னஞ்சிறு கிளியே' இன்றும் கச்சேரிகளில் ஒலிக்கிறது; இசை சி.ஆர்.சுப்பராமன்.

அடுத்த வருஷம் 'பணம்'. தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன், வசனம் கருணாநிதி, இயக்கம் என்.எஸ்.கே. 'பராசக்தி' அக்டோபரில் வந்து சிவாஜி கணேசன் பெயர் ஊரெல்லாம் பரவிய சூட்டில், டிசம்பரில் அவருடைய இரண்டாவது படமாக வந்தது. விஸ்வநாதன் - ராமமூர்த்தி இரட்டையராக இசையமைத்த முதல் படமும் இதுவே. 'தீனா மூனா கானா' என்று என்.எஸ்.கே. பாடும் பாட்டு இதில் இருக்கிறது. எந்தக் கட்சி என்று கொட்டகைக்கே தெரியும்; பாட்டு மட்டும் அதைத் திருக்குறளோடு சேர்த்து விளக்கம் சொல்லும்.

இயக்குநராக அவரை எப்படி மதிப்பிடுவது? கேமராவால் கதை சொன்னவர் என்று சொல்ல மாட்டேன். மேடையில் பார்ப்பது போலவே காட்சிகள் அமையும். கதை சில இடங்களில் பிரசங்கமாகி இழுக்கும்.  ஆனால் திறமையான ஆட்களைக் கண்டுபிடித்து, அவர்களுக்கு இடம் கொடுத்து, தான் ஒதுங்கி நிற்பதில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. அண்ணா, கருணாநிதி, பத்மினி, விஸ்வநாதன் - ராமமூர்த்தி என்று பட்டியலைப் பாருங்கள். அடுத்த முப்பது வருஷத் தமிழ் சினிமாவில் பாதி அதில் இருக்கிறது. வில்லிசையில் சுப்பு ஆறுமுகத்தை அடையாளம் கண்டு சென்னைக்கு அழைத்து வந்தவரும் இவர்தான்.

கடைசி வருஷங்கள்

சொந்தப் படங்கள் நின்ற பிறகு மறுபடி மற்றவர் படங்களில் நடித்தார். சம்பளக்காரர் வாழ்க்கையை 'முதல் தேதி' (1955) படத்தில் ஒரே பாட்டில் பிடித்தார்: மாதத்தின் முதல் இருபது நாள் கொண்டாட்டம், மீதி நாள் திண்டாட்டம். எழுபது வருஷம் ஆகியும் மாதச் சம்பளக்காரர்கள் வீட்டில் அது மாறவில்லை, பாட்டும் பழசாகவில்லை. 'மதுரை வீர'னில் (1956) வீரனை எடுத்து வளர்க்கும் செருப்புத் தைக்கும் தம்பதியாக அவரும் மதுரமும் வந்தார்கள்.

'ராஜா ராணி' (1956) படத்தின் சிரிப்புப் பாட்டைப் பார்க்காதவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். சிரிப்பில் எத்தனை வகை என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொன்றையும் சிரித்துக் காட்டுவார். முதலில் வார்த்தை, அடுத்த நொடி முகம் மாறும், அப்புறம் தோள் குலுங்கும், கடைசியில்தான் சத்தம் வரும். பயந்தவன் சிரிப்பு வேறு, ஏமாற்றுக்காரன் சிரிப்பு வேறு என்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பிரித்துச் சொல்லிவிடலாம். இருபது வருஷம் ஜனங்களின் சிரிப்பை மேடையிலிருந்தும் திரையிலிருந்தும் கேட்டுச் சேர்த்து வைத்தவர் அதைத் திருப்பிக் காட்டுகிற மாதிரி இருக்கும்.

1957 தேர்தலில் அண்ணா காஞ்சிபுரத்தில் நின்றார். எதிர்த்து நின்றவர் ஊரில் கைராசிக்காரர் என்று பெயர் வாங்கிய டாக்டர். என்.எஸ்.கே. பிரசாரத்துக்குப் போய் அந்த டாக்டரை வாயாரப் புகழ்ந்தாராம். இவ்வளவு நல்ல டாக்டரைச் சட்டசபைக்கு அனுப்பிவிட்டால் உங்களுக்கு வைத்தியம் பார்ப்பது யார், அவர் இங்கேயே இருக்கட்டும், அண்ணாவை அனுப்புங்கள் என்று முடித்தாராம். மேடைகளில் இன்றும் சொல்லப்படும் கதை. எதிராளியைக் காயப்படுத்தாமல் தோற்கடிக்கும் அதே கிந்தனார் வித்தைதான் இதிலும்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 30-ல் இறந்தார். வயது 48. சம்பாதித்ததில் பெரும் பகுதியைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்துத் தீர்த்திருந்தார். சிவாஜி நடித்த புதிய 'அம்பிகாபதி' அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது. 1937 'அம்பிகாபதி'யில் நடித்த அவரும் மதுரமும் இதிலும் இருந்தார்கள். சென்னை தி.நகரில் உள்ள அவருடைய சிலையை 1969 ஜனவரி 14-ல் அண்ணா திறந்து வைத்தார். அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது.

அவர் உருவாக்கிய காமெடி ட்ராக் அவருக்குப் பின்னும் நின்றது. ஆனால் அதன் உரிமை கைமாறியது. கவுண்டமணி - செந்தில் காலத்தில் ட்ராக்கைத் தனியாக எழுத ஏ.வீரப்பன் போன்ற திறமைசாலிகள் இருந்தார்கள். வாழைப்பழக் காட்சியும் வீரப்பன் எழுத்துதான். ஆனாலும் ஜனங்களுக்கு நடிகர் பெயர் தெரிந்த அளவு அவர் பெயர் தெரியாது. எழுதியவர் ஒருவர், நடித்தவர் ஒருவர், பணம் போட்டவர் வேறொருவர். காட்சி சிரிப்பை வரவழைத்தால் போதும், என்ன சொல்கிறது என்று கேட்க யாருக்கும் பொறுப்பில்லை. கறுப்பு நிறம், குள்ளம், பருமன், வறுமை என்று உடலையும் நிலையையும் பரிகசிப்பது இத்தனை வருஷம் கேள்வியில்லாமல் ஓடியதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம். என்.எஸ்.கே.யிடம் எழுத்தும் நடிப்பும் பணமும் ஒரே கையில் இருந்ததால், ஒரு காட்சி தவறாகப் போனால் அவர் பெயர்தான் கெடும்.

1930களின் படங்கள் பல இன்று கிடைப்பதில்லை. அவருடைய ஆரம்பகாலக் காட்சிகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. கிடைப்பவற்றில் புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு என் யோசனை இது. முதலில் 'ராஜா ராணி'யின் சிரிப்புப் பாட்டு. அவர் உடம்பும் குரலும் எப்படி வேலை செய்கின்றன என்று அதில் பிடிபடும். அடுத்து மதுரத்தோடு பாடும் விஞ்ஞானப் பாட்டு. அப்புறம் 'கிந்தனார்'. அதற்கு முன்னால் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைகள் இரண்டு மூன்றைக் கேட்டுவிட்டு வாருங்கள், ரசிப்பு இரண்டு மடங்காகும். முழுப் படம் பார்க்க நேரம் இருந்தால் 'மணமகள்'.